100 சரியாக வருகிறது, 300 தவறாகப் போகிறது: எக்ஸ் அச்சை எப்படித் திருத்துவது?

கேள்வி: வீட்டிலேயே சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி வெட்டும் இயந்திரம்) ஒன்று செய்திருக்கிறேன். அர்டுயினோ ஊனோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள், மோட்டாரை ஓட்டும் ஏ4988 டிரைவர், நீமா 17 மோட்டார், டி8 லீடு ஸ்க்ரூ (புரி போட்ட நீளக் கம்பி). எக்ஸ் அச்சை 100 மி.மீ. நகர்த்தச் சொன்னால் 99.8 தான் நகர்ந்தது. அதனால் ஜிஆர்பிஎல்லில் $100 மதிப்பை (ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை ஸ்டெப், அதாவது சிறு அசைவு, எடுக்க வேண்டும் என்ற எண்) 400-இலிருந்து 400.8 ஆக்கினேன். இப்போது 100 சரியாக வருகிறது. ஆனால் 20 கொடுத்தால் 19.84, 300 கொடுத்தால் 300.4 என்று வருகிறது. இனி எந்த எண்ணைப் போடுவது?

பதில்: முதலில் $100=400 என்று பழைய எண்ணையே திரும்பப் போட்டுவிடுங்கள். அந்த எண்ணில் தப்பே இல்லை. நீங்கள் மூன்று தூரங்களில் அளந்து எழுதியது பெரிய உதவி. நோய் எங்கே என்று அந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன.

400-ஐ 400.8 ஆக்கியதால் இயந்திரம் எல்லாத் தூரத்திலும் 0.2 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது. அதாவது 20-இல் 0.04, 100-இல் 0.2, 300-இல் 0.6 மி.மீ. கூடுகிறது. அதை உங்கள் அளவுகளிலிருந்து கழித்துப் பாருங்கள்: 19.80, 99.8, 299.8. தூரம் எதுவானாலும் குறைவது அதே 0.2 தான். ஸ்டெப் கணக்கு தப்பாக இருந்தால் தூரம் கூடக் கூடப் பிழையும் கூடியிருக்கும். தூரம் மாறியும் பிழை மாறவில்லை என்றால் அது பேக்லாஷ், அதாவது திசை திரும்பும்போது வீணாகும் இடைவெளி. பட்டறை மொழியில் சொன்னால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. எந்த எண்ணைப் போட்டாலும் அது போகாது. ஒரு தூரத்தில் மறைந்து இன்னொரு தூரத்தில் தலைகாட்டும்.

400 எப்படி வந்தது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவருக்கு அடியில் மூன்று ஜம்பரும் போட்டிருந்தால் ஏ4988 ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16-ஆகப் பிரிக்கும். ஆக ஒரு சுற்றுக்கு 3200. வழக்கமான டி8 ஸ்க்ரூவில் அடுத்தடுத்த புரிகளுக்கு இடையே 2 மி.மீ. தான் என்றாலும், நான்கு புரிகள் சேர்ந்து ஓடுவதால் ஸ்க்ரூவில் ஓடும் நட் ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும். 3200-ஐ 8-ஆல் வகுத்தால் 400. பின்னால் டிரைவரை மாற்றி டிஆர்வி8825 போட்டால் அதே மூன்று ஜம்பரில் அது 32-ஆகப் பிரிக்கும். அப்போது 800 போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே பாதித் தூரம்தான் போகும்.

சரி, அந்த 0.2 எங்கே போகிறது? அளக்கத் தொடங்கும் முன் ஊசி முனையைக் கோட்டில் நிறுத்த அம்பு பொத்தானை முன்னும் பின்னும் அழுத்தியிருப்பீர்கள். கடைசியாகப் பின்பக்கம் நகர்த்தி நிறுத்திவிட்டு, அங்கிருந்து முன்பக்கம் 100 கொடுத்தால், ஸ்க்ரூ திரும்பும் முதல் 0.2 மி.மீ. இடைவெளியை நிரப்புவதிலேயே கழிந்துவிடும். அதன் பிறகுதான் கேரேஜ் (அச்சில் நகரும் பகுதி) அசையும்.

ஆட்டம் என்றதும் எல்லோரும் பித்தளை நட்டைத்தான் சந்தேகிப்பார்கள். வீட்டில் செய்த இயந்திரங்களில் பல நேரம் நட்டின் மேல் குற்றமே இருக்காது. பக்கத்து லேத் பட்டறையில் காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) இரவல் வாங்குங்கள். மோட்டாருக்கு மின்சாரம் இருக்கட்டும், அது பிடித்து நிற்க வேண்டும். நகர்ந்து முடித்ததும் மோட்டார் தளர்ந்துவிட்டால் $1=255 கொடுங்கள், விடாமல் பிடிக்கும். டயலின் முனையை ஸ்க்ரூவின் மறுமுனையில், அதன் நீளவாக்கில் படும்படி வைத்து, கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். டயல் முள் ஆடினால் ஸ்க்ரூவே நீளவாக்கில் நகர்கிறது என்று அர்த்தம். முள் அசையாமல் கேரேஜ் மட்டும் அசைந்தால்தான் நட்டில் ஆட்டம்.

முதல் வகைக்குப் பெரும்பாலும் காரணம் மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் அந்த அலுமினிய கப்ளிங். சுருளாக வெட்டு விழுந்திருக்குமே, அதுதான். முறுக்கும்போது உறுதியாக நிற்கும். இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி நீளும். போதாததற்கு மோட்டாருக்கு உள்ளேயும் ஒரு அலைவட்ட வாஷர் இருக்கிறது, ஷாஃப்ட்டை அழுத்தினால் அதுவும் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஸ்க்ரூ கப்ளிங்கை மட்டும் நம்பித் தொங்கினால் வெட்டும் விசை முழுவதும் இந்த இரண்டின் மேல் வரும். ஸ்க்ரூவின் ஒரு முனையில் 8 மி.மீ. பேரிங் பிளாக் ஒன்றைப் பொருத்தி, அதன் இரு பக்கமும் ஸ்க்ரூவில் ஷாஃப்ட் காலர் என்ற வளையம் போட்டு இறுக்குங்கள். நீளவாக்கு விசையைச் சட்டம் தாங்கட்டும், மோட்டார் சுற்றினால் போதும். கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூக்களையும் (தலையில்லாத சிறு திருகுகள்) ஆலன் கீ வைத்து இறுக்கிப் பாருங்கள். மோட்டார் ஷாஃப்ட்டில் தட்டையான பக்கம் இருந்தால் ஒரு கிரப் ஸ்க்ரூ அதன் மேல்தான் உட்கார வேண்டும்.

நட்டில்தான் ஆட்டம் என்றால் ஸ்பிரிங் வைத்த இரட்டை நட் வாங்கி மாட்டுங்கள், விலை அதிகமில்லை. ஆனால் ஆழமாக வெட்டினால் அந்த ஸ்பிரிங் அமுங்கிக் கொடுக்கும். மரத்துக்கும் எம்டிஎஃப் என்ற மரத்தூள் பலகைக்கும் சரி, அலுமினியத்துக்குப் போதாது. மென்பொருளில் ஈடுகட்டலாமா என்று கேட்பீர்கள். மாக்3, லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருள்கள் இரண்டிலும் அந்த வசதி உண்டு. ஜிஆர்பிஎல்லில் இல்லை. இருந்தாலும் நான் ஸ்பேனரைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன், ஏனென்றால் ஆட்டம் உள்ள கேரேஜை வெட்டும் பிட்டே இழுத்துக்கொண்டு போகும். அதை எந்த மென்பொருளாலும் முன்கூட்டிக் கணக்கிட முடியாது.

இதையெல்லாம் முடித்த பிறகு மறுபடி அளங்கள். தொடங்கும் கோட்டுக்கு 5 மி.மீ. பின்னால் போய், அங்கிருந்து அளக்கப்போகும் திசையிலேயே முன்னேறி நிறுத்துங்கள். அப்புறம் அதே திசையில் மெதுவாக, நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். முடிந்த அளவு நீண்ட தூரம் எடுங்கள். டிஜிட்டல் வெர்னியரிலேயே 0.03 மி.மீ. வரை பிசகலாம். 20 மி.மீ. அளந்து அதை வைத்து எண்ணை மாற்றினால் அந்தப் பிசகு 300 மி.மீ.யில் 0.45 ஆகப் பெருகும். 300-ஐ நேராக அளந்தால் அது வெறும் 0.03 தான். வெர்னியர் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் கூடுதலாகக் காட்டும்.

இப்போதும் தூரத்தோடு சேர்ந்து பிழை வளர்ந்தால், அப்போதுதான் $100-ஐத் தொட வேண்டும்: பழைய எண்ணைக் கொடுத்த தூரத்தால் பெருக்கி, அளந்த தூரத்தால் வகுங்கள். டி8 ஸ்க்ரூவில் பெரிய மாற்றம் வராது. 400 என்பது 410 ஆகிறது என்றால் அளவெடுத்ததில்தான் தப்பு.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வந்தால் அது ஸ்டெப் தவறுதல். வேகமாக இருபது முறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கு வரச் சொல்லுங்கள். கேரேஜில் வைத்த டயல் பழைய இடத்தைக் காட்டாவிட்டால் $120-இல் உள்ள முடுக்கத்தைப் பாதியாக்குங்கள், டிரைவரின் மின்னோட்டத்தையும் சரிபாருங்கள்.

இனி மரத்தில் வெட்டும்போது ஒரு குழப்பம் வரும், அதற்கும் சொல்லிவிடுகிறேன். 100 மி.மீ. சதுரம் 99.8 ஆக வந்தால் உடனே அச்சைக் குறை சொல்லாதீர்கள். மூன்று மி.மீ. பிட் என்று விற்பவற்றில் பல உண்மையில் 3.175, அதாவது எட்டில் ஒரு அங்குலம். மென்பொருளில் 3 என்று போட்டிருந்தால் வெளிச்சதுரம் 0.175 சிறுத்துவிடும், உள்ளே குடையும் குழி அதே அளவு பெருத்துவிடும். பேக்லாஷ் என்றால் வெளிச்சதுரம், குழி இரண்டுமே சிறுக்கும். ஆகவே இரண்டையும் வெட்டி அளந்து பாருங்கள்.

ஒய் அச்சையும் இதே மாதிரி முடித்துவிட்டு 50 மி.மீ. வட்டம் ஒன்றை எம்டிஎஃப்பில் வெட்டுங்கள். வட்டத்தில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களில் ஏதாவது ஓர் அச்சு திசை திரும்பும். ஆட்டம் மிச்சமிருந்தால் அங்கே சிறு தட்டையோ படியோ விழும். அந்த நான்கு இடங்களையும் விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். எங்கும் தட்டாவிட்டால் $100-ஐ 400-இலேயே விட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.