மடோனாவால் தம்பி என்னோடு பேசுவதில்லை

கேள்வி: எனக்கு வயது 51. பள்ளி நாட்களிலிருந்தே அமெரிக்கப் பாப் பாடகி மடோனாவின் ரசிகை. தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். அவனுக்கு மடோனாவை அறிமுகப்படுத்தியதே நான்தான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு வாக்மேன். ஹெட்ஃபோனைத் திருப்பிப் பிடித்து, ஆளுக்கொரு காதில் அழுத்திக்கொண்டு கேட்போம்.

இப்போது அவன், "2008-க்கு அப்புறம் வந்த ஆல்பம் எல்லாமே ஃப்ளாப், அக்கா. எல்லாம் முதல் வாரத்தோட சரி" என்கிறான். விற்பனைக் கணக்குகளைத் தேடித் தேடி அனுப்புகிறான். நானும் விடுவதில்லை. "30 கோடி ரெக்கார்டு விற்றவர்", "பிரேசிலில் ரியோ கடற்கரையில் 16 லட்சம் பேர் வந்தார்கள்" என்று திருப்பி அனுப்புவேன். "அது இலவசக் கச்சேரி" என்பான். இரண்டு மாதம் முன்பு ஒரு குடும்ப விருந்தில் எல்லோர் முன்னாலும் இதே பேச்சு எழுந்தது. கோபத்தில், "ஜெயிக்கிறவங்க பக்கம் மட்டும் நிக்கிறவன் நீ. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். எழுந்து போனவன், அதன்பின் என் அழைப்பை எடுப்பதே இல்லை. எங்கள் இருவரில் யார் சொல்வது சரி? நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆல்பம் விற்பனையை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் தம்பி சொல்வதில் முக்கால்வாசி சரி. இதைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் இதை ஒளித்து வைத்துவிட்டு மீதியைச் சொன்னால், அந்த மீதியை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அவர் உங்களுக்கு அனுப்பிய கணக்குகளில் 2012-ல் வந்த 'எம்டிஎன்ஏ' ஆல்பம் கட்டாயம் இருந்திருக்கும். அமெரிக்காவில் முதல் வாரம் 3,59,000 பிரதிகள் விற்று நேராக முதலிடத்துக்குப் போன ஆல்பம் அது. இரண்டாவது வாரம் 48,000-தான் விற்றது, கிட்டத்தட்ட 87 சதவீத வீழ்ச்சி. முதலிடத்தில் அறிமுகமான எந்த ஆல்பமும் அதுவரை அடுத்த வாரமே அப்படிச் சரிந்ததில்லை. அந்த முதல் வாரக் கணக்கில் கணிசமான பங்கு, கச்சேரி டிக்கெட் வாங்கியவர்களுக்கு டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்த ஆல்பம். 2019-ல் வந்த 'மேடம் எக்ஸ்' கதையும் இதுதான். முதல் வாரம் முதலிடம், அடுத்த வாரம் 77-வது இடம். டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் இந்த வழக்கத்தை எத்தனையோ பாடகர்கள் கையாண்டார்கள். கடைசியில் 2020-ல், அமெரிக்காவின் இசைப் பட்டியல்களை வெளியிடும் பில்போர்டு விதியை மாற்றி, அப்படிச் சேர்த்துக் கொடுப்பதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது.

சரி, தம்பி எங்கே தவறுகிறார்? 'ஃப்ளாப்' என்ற சொல்லில். ஃப்ளாப் என்றால் யாருக்கோ பணம் போயிருக்க வேண்டும். 2007-ல் மடோனா, தன் ஆல்பங்களை அதுவரை வெளியிட்டு வந்த வார்னர் நிறுவனத்தை விட்டுவிட்டு, கச்சேரிகளை நடத்தும் லைவ் நேஷனோடு ஒப்பந்தம் போட்டார். பத்து ஆண்டுகள், சுமார் 12 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. ஆல்பம், கச்சேரி, பெயர் போட்ட சட்டை விற்பது வரை எல்லாம் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்தன. பாட்டை விற்றுச் சம்பாதிக்கும் காலம் முடியப்போகிறது, இனி மேடையில்தான் வருமானம் என்று அவர் கணித்துவிட்டார் என்பது என் கருத்து. அந்தக் கணிப்பு பலித்தது. 2008-09 சுற்றுப்பயணம் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'எம்டிஎன்ஏ' விற்கவில்லை என்கிறாரே, அதே ஆண்டில் அதே பெயரில் போன சுற்றுப்பயணத்தின் வசூல் 30 கோடி டாலருக்கு மேல். ஆல்பம் என்பது அதற்குள் கச்சேரிக்கு அடிக்கும் அழைப்பிதழ் மாதிரி ஆகிவிட்டது. அழைப்பிதழ் எத்தனை பேர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணி, கல்யாணம் நடக்கவில்லை என்று சொல்ல முடியாதல்லவா?

ரியோ விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளுங்கள். 2024 மே 4-ஆம் தேதி கோபகபானா கடற்கரையில் 16 லட்சம் பேர் கூடினார்கள் என்பது நகர நிர்வாகத்தின் மதிப்பீடு. மணலில் நின்றவர்கள் யாரும் டிக்கெட் வாங்கவில்லை. 65 வயதில் ஒரு பெண் பாட, அத்தனை லட்சம் பேர் வந்து நின்றதை நினைத்தால் எனக்கும் சிலிர்க்கிறது. ஆனால் அது விற்பனைக் கணக்கில் சேராது. இலவசம் என்று தம்பி சொன்னது குத்தலாக இருந்தாலும் உண்மை.

அந்த 30 கோடிக்கும் வருவோம். அது எல்லா இடங்களிலும் சொல்லப்படும் எண்தான். கின்னஸ்கூட அவரை மிக அதிகம் விற்ற பாடகி என்று பதிவு செய்திருக்கிறது. ஆனால் உலகம் முழுக்க விற்ற ஒவ்வொரு ரெக்கார்டையும் எண்ணிச் சொல்லும் அமைப்பு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்த மாதிரி மொத்த எண்களில் ஆல்பமும் சேரும், ஒற்றைப் பாட்டாக விற்ற சிங்கிளும் சேரும். அமெரிக்காவில் தரும் பிளாட்டினம், டைமண்ட் சான்றிதழ்கள் இதைவிட உறுதியானவை. 1984-ல் வந்த 'லைக் எ விர்ஜின்', 1990-ல் வந்த 'தி இம்மாகுலேட் கலெக்‌ஷன்' இரண்டுமே டைமண்ட், அதாவது தலா ஒரு கோடி. ஆனால் அந்தச் சான்றிதழும் நிறுவனம் விண்ணப்பித்து, தணிக்கைக்குப் பணம் கட்டினால்தான் வரும். கேசட் காலத்தில் கடைகளுக்கு அனுப்பிய சரக்கை வைத்துத்தான் கணக்கு. போதாததற்கு, உலகின் பல நாடுகளில் அன்று புழங்கியது திருட்டுக் கேசட். அதை யாரும் எண்ணவில்லை. இப்படி நிஜத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம் என்கிற ஒரு எண்ணைத்தான் நீங்கள் தம்பியின் மேல் எறிந்துகொண்டிருக்கிறீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் அருகருகே வைக்கவே கூடாது. 1991-க்கு முன்பு அமெரிக்காவில் பட்டியல் எப்படித் தயாரானது தெரியுமா? கடைகளைக் கூப்பிட்டு, "இந்த வாரம் எது நன்றாகப் போகிறது?" என்று கேட்பார்கள். கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. அந்த ஆண்டில்தான் கல்லாவில் பார்கோடு ஸ்கேன் ஆவதை நேரடியாக எண்ண ஆரம்பித்தார்கள். அடுத்த பெரிய மாற்றம் 2014 டிசம்பரில் வந்தது. பில்போர்டு ஆல்பம் பட்டியலில் ஸ்ட்ரீமிங்கையும், அதாவது இணையத்தில் பாட்டு கேட்பதையும் சேர்த்து, 1,500 முறை பாட்டு ஓடினால் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம் என்று வைத்தார்கள். 2018-ல், காசு கட்டிக் கேட்பவர்களுக்கு 1,250, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களுக்கு 3,750 என்று பிரித்தார்கள்.

உங்கள் வாக்மேனை வைத்தே இதைப் பார்ப்போம். பத்துப் பாட்டு உள்ள கேசட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து அதை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? டேப் சிக்கி, பென்சிலை விட்டுச் சுற்றி, எழுத்து அழிந்து எது ஏ பக்கம், எது பி பக்கம் என்று தெரியாமல் போகும்வரை கேட்டிருப்பீர்கள். 150 முறை என்றே வைப்போம். அன்றைய கணக்கில் அது ஒரே ஒரு கேசட். கடையில் காசு கொடுத்த அந்த நிமிடத்தோடு எண்ணிக்கை முடிந்தது. வாங்கி வந்து ஒரே தடவை கேட்டுவிட்டு அலமாரியில் போட்டவரும் ஒன்று, தேயத் தேயக் கேட்ட நீங்களும் ஒன்று. 2014 விதிப்படி அதே ஆல்பம் ஒன்று என்ற எண்ணிக்கையைத் தொட, அதை முதலிலிருந்து கடைசிவரை 150 முறை கேட்டாக வேண்டும். அன்று எண்ணியது வாங்கியதை. இன்று பெரும்பாலும் எண்ணுவது திரும்பத் திரும்பக் கேட்பதை. ஒரே பாட்டை நாளெல்லாம் ஓடவிடும் பதினெட்டு வயது ரசிகர்கள் யாருக்கு அதிகமோ, அவருடைய எண் ஏறும். ஐம்பது வயது ரசிகை ஆல்பத்தை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு முறை உட்கார்ந்து கேட்பார். முதல் வாரம் முதலிடம், இரண்டாவது வாரம் 77 என்பதற்கு டிக்கெட் ஒரு காரணம் என்றால், ரசிகர்களின் வயதும் கேட்கும் பழக்கமும் இன்னொரு காரணம்.

வானொலியும் அப்படியே. 2015-ல் அவருடைய புதிய பாட்டை பிரிட்டனின் பிபிசி ரேடியோ 1 நிலையம் தன் முக்கியப் பட்டியலில் சேர்க்காதபோது, வயதைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். வயது காரணமில்லை, பாட்டின் தகுதியைத்தான் பார்க்கிறோம் என்றது அந்த நிலையம். அது 15 முதல் 29 வயதுக்காரர்களை மனத்தில் வைத்து நடப்பது. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் தம்பி இதற்கும் பதில் வைத்திருப்பார்: பாடகி ஷேர் 1999-ல் 52 வயதில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தாரே என்பார். அதுவும் உண்மைதான். பிரிட்டன் பாடகி கேட் புஷ் 1985-ல் பாடிய பாட்டு, ஒரு தொடரில் ஒலித்ததால், 37 ஆண்டு கழித்து 2022-ல் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. அங்கே பழைய பாட்டுகளின் ஸ்ட்ரீமிங்குக்கு மதிப்பைக் குறைத்துப் போடும் விதி ஒன்று உண்டு. அதிலிருந்து விலக்கு அளித்த பிறகுதான் அந்தப் பாட்டு மேலே வர முடிந்தது. கேட்கிறவர்கள் இருந்தும் விதியால் ஒரு பாட்டு கீழே கிடக்க முடியும் என்பதை நினைத்தால், இந்தப் பட்டியல்களுக்காக உறவை முறித்துக்கொள்வது எனக்குத் தாங்கவில்லை.

இனி உங்கள் தம்பியைப் பற்றி.

சகோதரி, பிடிக்காத பாடகியின் இரண்டாவது வார விற்பனையை யாரும் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு ஆல்பமும் வந்த வாரம் அவரும் ஆவலோடு பார்த்திருக்கிறார், சரிந்தபோது அவருக்கும் மனது விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் அந்த ஏமாற்றத்தை மறைக்க 30 கோடி என்கிறீர்கள். அவர் அதைக் கணக்காக எழுதி உங்களுக்கு அனுப்புகிறார். நான்கு வயது மூத்த அக்கா கையில் கொடுத்த பாடகி. அந்த அக்காவிடம்தானே அவர் இதைப் பேச முடியும்?

விருந்தில் நீங்கள் சொன்னது மடோனாவைப் பற்றியே இல்லை. 'சின்ன வயசிலிருந்தே' என்று ஆரம்பித்தால் அது பாட்டைத் தாண்டி ஆளையே தொடுகிறது. அதுவும் எல்லோர் முன்னாலும். எனக்கு ஒரு நெருங்கிய தோழி இருந்தாள். இருவருக்கும் பிடித்த ஒரு பாடகரின் குரல் கெட்டுப்போனதா இல்லையா என்ற பேச்சில், "உனக்குச் சங்கீதமே தெரியாது" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். பாடகரைப் பற்றி நான் சொன்ன எதுவும் அவள் நினைவில் இல்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஆறு வருஷம் எங்களுக்கு நடுவில் கிடந்தது. நானே முதலில் போய்ப் பேசியிருக்கலாம், போகவில்லை. அந்த ஆறு வருஷத்தில் அவளுடைய அம்மா இறந்தார். நான் பக்கத்தில் இல்லை. நீங்கள் இரண்டு மாதத்திலேயே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

அவர் அழைப்பை எடுக்காவிட்டால் எழுதி அனுப்புங்கள். மேலே நான் சொன்ன ஸ்ட்ரீமிங் விதி, லைவ் நேஷன் ஒப்பந்தம் எதையும் அதில் சேர்க்காதீர்கள். அவையெல்லாம் சரியாகவே இருந்தாலும் இப்போது அனுப்பினால் இன்னொரு சுற்று வாதம்தான் தொடங்கும். இரண்டு விஷயம் போதும். 'எம்டிஎன்ஏ', 'மேடம் எக்ஸ்' பற்றி நீ சொன்னது சரிடா என்று முதலில். விருந்தில் நான் சொன்னது தப்பு, அது உண்மையும் இல்லை என்று அடுத்து. 'ஆனால்' என்று ஒரு வாக்கியம் வரும், கை தானாக எழுதும். அதை அடித்துவிடுங்கள். விருந்தில் இருந்தவர்களில் ஓரிருவரிடமாவது, நான் அன்று தம்பியை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். அவர் காதுக்கு அது போகும், போக வேண்டும்.

அவர் பேச ஆரம்பித்த பிறகு, அடுத்த முறை சந்திக்கும்போது, 1998-ல் வந்த 'ரே ஆஃப் லைட்' ஆல்பத்தை இருவரும் சேர்ந்து முழுக்கக் கேளுங்கள். அது வந்தபோது மடோனாவுக்கு 39 வயது, கைக்குழந்தையின் தாய். அவரால் இனி முடியாது என்று அப்போதும் சொன்னவர்கள் உண்டு. உங்கள் இருவருக்கும் அதைப் பற்றிச் சண்டை இருக்காது என்று நம்புகிறேன். அந்த வாக்மேன் வீட்டில் எங்காவது கிடந்தால் தேடி எடுத்து வையுங்கள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி பதில் போட்டதும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.