காயடித்த குதிரைக்குப் பொலிகுதிரையின் குணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் குதிரைக்கு ஆறு வயது. இரண்டு வயதில் காயடித்தாயிற்று என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் பெட்டைக் குதிரையைக் கண்டால் கனைக்கிறது, துரத்துகிறது, மேலே ஏறவும் பார்க்கிறது. காயடித்தவர் அரைகுறையாக விட்டிருப்பார் என்கிறார்கள். அப்படி நடக்குமா?

பதில்: நடக்கும். ஆனால் பலரும் நினைக்கிற விதத்தில் அல்ல. விரையை எடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் சுருள்குழாயில் (எபிடிடைமிஸ்) ஒரு துண்டு தங்கிவிட்டால் குதிரை அடங்காது என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். அது தவறு. அந்தக் குழாய் விந்தணுவைச் சேர்த்து வைக்கிற இடம். ஆண்குணத்தைத் தூண்டும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அங்கே சுரப்பதில்லை. விந்து நாளத்தை எவ்வளவு நீளம் விட்டு வெட்டினார்கள் என்பதாலும் குணம் மாறாது.

உண்மையாகவே சந்தேகிக்க வேண்டியது ஒன்றுதான்: இறங்காத விரை. வழக்கமாகப் பிறக்கும் சமயத்திலேயே இரண்டு விரைகளும் பைக்குள் வந்துவிடும். சில குட்டிகளுக்கு ஒன்று தொடை இடுக்கிலோ வயிற்றுக்குள்ளோ தங்கிவிடும். கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ‘காயடித்த குதிரை’ என்று விற்றால் வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது. வயிற்றுக்குள் இருக்கும் விரை உடல் சூட்டில் விந்தணுவை உண்டாக்காது. ஹார்மோனை மட்டும் சுரந்துகொண்டே இருக்கும். விரைப்பையில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன என்று நிம்மதி அடையாதீர்கள். தோலை இரண்டு இடத்தில் கீறினார்கள் என்பதற்குத்தான் அவை சாட்சி. உள்ளே இருந்து என்ன வெளியே வந்தது என்பதைத் தழும்பு சொல்லாது.

ரத்தப் பரிசோதனை சொல்லும். எளிதானது ஏ.எம்.எச். (ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன்) பரிசோதனை. ஒரே ஒரு ரத்த மாதிரி போதும். விரைத் திசு இல்லாத ஆண்குதிரையின் ரத்தத்தில் அது அநேகமாக இருக்காது. அந்த வசதி இல்லாத இடத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்கலாம். ஆனால் அது பருவகாலத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பதால், ஒரு தடவை குறைவாக வந்தது என்று விட்டுவிட முடியாது. அதனால்தான் மருத்துவர் முதலில் ஒரு மாதிரி எடுத்து, விரையைச் சுரக்கத் தூண்டும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசியை ரத்த நாளத்தில் போட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு மாதிரி எடுப்பார். விரை எங்கேனும் ஒளிந்திருந்தால் இரண்டாவது மாதிரியில் அளவு தெளிவாக ஏறும். இருப்பது உறுதியானால் அறுவை சிகிச்சைதான் வழி. நிற்க வைத்து, மயக்க ஊசி போட்டு, லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) மூலமாகவே எடுக்கிறார்கள்.

பயிற்சியாளரைத் தேடுவதும் வேலியை மாற்றுவதும் இதற்குப் பிறகுதான்.

கேள்வி: பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. ஹார்மோனே இல்லாமல் இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது?

பதில்: மூளையிலிருந்து. ஆண்குட்டியின் மூளை தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஆணுக்குரிய நடத்தைக்குத் தயாராகிவிடுகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது, கழுத்தைக் கடிப்பது, முன்னங்காலைத் தூக்கி மோதுவது எல்லாம் குட்டிகளின் விளையாட்டிலேயே உண்டு. காயடிப்பதால் வேகம் குறையும். அடியோடு அழியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காயடித்த குதிரைகளில் 20 முதல் 30 சதவீதம் வரை ஏதோ ஓர் அளவில் இந்தக் குணத்தைக் காட்டுகின்றன. சிறு வயதிலேயே காயடித்துவிட்டால் வராது என்ற நம்பிக்கைக்கும் பெரிய ஆதாரம் இல்லை.

அண்மையில்தான் காயடித்திருந்தால் பொறுங்கள். ஹார்மோன் சில நாட்களில் வடிந்துவிடும். பழக்கம் வடிய வாரங்களோ மாதங்களோ ஆகும். பெட்டைகளோடு சேர்ந்து பழகிய குதிரை என்றால் இன்னும் கூடுதலாக. குழாய்களில் விந்தணு மிச்சம் இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு மாதமாவது பெட்டைகளிடமிருந்து பிரித்தே வையுங்கள்.

பல வருடம் சாதுவாக இருந்த குதிரை திடீரென்று முரண்டு பிடித்தால் கதையே வேறு. இரைப்பைப் புண், பல் வலி, முதுகு வலி, குறி உறைக்குள் கட்டியாகச் சேர்ந்த அழுக்கு என்று வலியைத் தேடுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், பக்கத்துப் பட்டிக்குப் புதுப் பெட்டை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நான்கு காயடித்த குதிரைகளும் இரண்டு பெட்டைகளும் ஒரே மேய்ச்சல் பட்டியில் இருக்கின்றன. ஒன்று மட்டும் பெட்டைகளைச் சொந்தம் கொண்டாடி மற்ற மூன்றையும் கடித்து விரட்டுகிறது. தனியாகக் கட்டிவிடலாமா?

பதில்: தனியாகக் கட்டாதீர்கள். ஒதுக்கி வைத்த குதிரை அடங்குவதில்லை, இன்னும் மூர்க்கமாகிறது. பெட்டைகளைத் தனிப் பட்டிக்கு மாற்றிவிட்டு நான்கையும் ஒன்றாக விடுங்கள். காவல் காக்க எதுவும் இல்லாதபோது சண்டைக்கும் காரணம் இல்லாமல் போகும். பெரும்பாலான இடங்களில் இந்த ஒரு மாற்றமே முக்கால்வாசிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, இரண்டு பட்டிகளுக்கும் நடுவில் ஒற்றை வேலி வைப்பது. பெட்டை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றால் அந்தக் குதிரை நாள் முழுக்க வேலி ஓரமாகவே நடந்து தேயும், இளைக்கும், கம்பிக்குள் காலை விட்டுக் கிழித்துக்கொள்ளும். இரட்டை வேலி போட்டு நடுவே 3 முதல் 4 மீட்டர் விடுங்கள். இடையில் ஒரு பட்டி முழுவதும் காலியாக இருந்தால் இன்னும் நல்லது.

பகல் நீளும் மாதங்களில் பெட்டைகள் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 5 முதல் 7 நாள் அது நீடிக்கும். அந்தத் தேதிகளைக் குறித்து வைத்தால், குதிரை எந்த வாரத்தில் முறைக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பட்டிக்குள் உலர்புல்லை ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். நான்கு குதிரைக்கு ஆறு குவியல், ஒன்றுக்கொன்று 8 முதல் 10 மீட்டர் இடைவெளி. தண்ணீர்த் தொட்டி இரண்டு. ஒரு குதிரை மாட்டிக்கொள்ளக்கூடிய முட்டுச்சந்து மூலைகளைக் கட்டைகள் வைத்து அடையுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதானால் சில நாள் இரட்டை வேலிக்கு அப்பால் நிற்கட்டும். பிறகு கூட்டத்திலேயே சாதுவான ஒன்றோடு மட்டும் விசாலமான இடத்தில் விடுங்கள். பின்கால் லாடங்களைக் கழற்றிவிட்டு.

சாணத்தை முகர்ந்து, அதன்மேலேயே சாணமிட்டு, திரும்பி மறுபடியும் முகர்ந்து பார்ப்பதைக் கண்டால் கண்டுகொள்ளாதீர்கள். அதனால் யாருக்கும் கேடில்லை. தலையைத் தரையோடு தாழ்த்தி, காதுகளைப் பின்னால் ஒட்டி, கழுத்தைப் பாம்பு போல் இருபுறமும் ஆட்டிக்கொண்டு பெட்டையை ஓட்டினால்தான் பிரிக்க வேண்டும். பிறந்த குட்டி இருக்கும் பட்டிக்குள் இத்தகைய குதிரையை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. குட்டியைக் கொன்றேவிடக்கூடும்.

கேள்வி: கையில் பிடித்து நடத்தும்போது பெட்டையைக் கண்டால் இழுக்கிறது, கடிக்க வருகிறது. மூக்கில் நாலு தட்டு தட்டினால் அடங்குமா?

பதில்: அடங்காது. மாற்றி மாற்றி முகத்தில் கடித்துக்கொள்வது ஆண்குட்டிகளின் விளையாட்டு. மூக்கில் தட்டினால் நீங்களும் ஆட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். அடுத்த கடி இன்னும் வேகமாக வரும்.

ஏறத்தாழ 3.5 மீட்டர் பிடிகயிறு, கையுறை, ஹெல்மெட். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நேர் முன்னால் நிற்காமல் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்; முன்னங்காலால் அடித்தால் முன்னால் நிற்பவர்மேல்தான் விழும். கனைத்த பிறகு திருத்த நினைத்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே காதுகள் ஒரே திசையில் நிலைக்கும், கழுத்து வளையும், வால் உயரும், அடிகள் குறுகும். அந்தக் கணத்திலேயே தலையை உங்கள் பக்கம் திருப்பி, பின்பகுதியை இரண்டு மூன்று அடி விலகி வைக்கச் செய்யுங்கள். செய்தவுடன் கயிற்றைத் தளர்த்தி எதிர்த்திசையில் நடத்துங்கள். தளர்த்த மறந்தால் எல்லாம் வீண். விலகினால் விடுதலை என்பதைத்தான் அது கற்றுக்கொள்ள வேண்டும்.

பெட்டையிடமிருந்து 30 மீட்டர் தள்ளித் தொடங்குங்கள். மூன்று முறை அமைதியாகக் கடந்தால் 5 மீட்டர் நெருங்கலாம். முரண்டு பிடித்தால் மறுபடியும் பழைய தூரம். கையால் தின்பண்டம் கொடுப்பதை நிறுத்திவிட்டு வாளியில் போடுங்கள். மூக்கின்மேல் சங்கிலி போடுவது பழக்கமில்லாதவர் கையில் குதிரையைப் பின்கால்களில் எழும்ப வைக்கும்.

கேள்வி: ஊசி, மருந்து எதுவும் இல்லையா?

பதில்: அல்ட்ரெனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மருந்துகள் சில குதிரைகளை மந்தப்படுத்தும், கொடுக்கும்வரை மட்டும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது, தோல் வழியாக உள்ளே போகும். போட்டிக் குதிரை என்றால் விதிகளைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ஹார்மோன் தடுப்பூசி விரையின் சுரப்பைத்தான் நிறுத்தும். விரையே இல்லாத குதிரைக்கு அதனால் என்ன பயன்? அந்தப் பணத்துக்கு இரட்டை வேலி போடலாம். வேலை குறைந்த நாட்களில் தானியத்தைக் குறைத்து, உலர்புல்லை மட்டும் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் கொடுங்கள்: 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ.

கேள்வி: தேய்த்துவிடும்போது குறி நீட்டுகிறது. மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்க்கிறது. இதுவும் அந்தக் குணம்தானா?

பதில்: இல்லை. ஆண்குதிரைகளுக்கு, காயடித்தவை உட்பட, குறி நீள்வது இயல்பு; அதைத் தடுக்க வளையம் மாட்டினால் புண்தான் மிஞ்சும். உதடு சுருட்டுவது வாசனை பிடிக்கிற வழி. பெட்டைகளும் செய்யும்.