வசனம் எழுதியவர் பெயரைப் பார்த்தீர்களா?

கேள்வி: ராத்திரி சீரியல் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. தங்கைக்கு நிச்சயதார்த்தம், மூத்த அண்ணன் வெளியூரில் இருந்து போனில் பேசுகிறார். போன மாதம் திருந்திய மாமியார் இந்த மாதம் மறுபடியும் பாலில் எதையோ கலக்கிறார். கதையை முன்கூட்டியே எழுதி வைப்பார்களா, தினம் காலையில் எழுந்து யோசிப்பார்களா? எழுதுகிறவர்களுக்கு மூளையே கிடையாதா? தமிழ் எம்.ஏ. முடித்த என் மகள் சீரியலுக்கு வசனம் எழுதப் போகிறேன் என்கிறாள். இதற்கா படிக்க வைத்தேன்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: மூளை நன்றாகவே இருக்கிறது அம்மா. நேரம்தான் கிடையாது.

உங்களுக்குக் கோபம் வரவைத்த அந்தப் போனிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வளசரவாக்கம் பக்கம் ஒரு ஷூட்டிங் வீட்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஹாலில் ஒரு பெரிய சண்டைக் காட்சி, ஏழு பேர். காலை ஒன்பதரை மணிக்கு மேனேஜர் வந்து, அண்ணனாக நடிப்பவருக்குச் சினிமா ஷூட்டிங் இழுத்துவிட்டது, இன்று வரமாட்டார் என்றார். மற்ற ஆறு பேரின் கால்ஷீட்டும் அன்றைக்குத்தான். தள்ளிப்போட வழியில்லை. வசனம் எழுதுகிறவர் பரீட்சை அட்டையோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். அண்ணன் பேசவேண்டியதில் பாதியை அண்ணிக்குக் கொடுத்தார், மீதியைப் போனுக்கு மாற்றினார். அதோடு விடவில்லை. அண்ணன் எதிரே நின்றால் தங்கை அடங்கிப்போவாள், போனில் என்றால் வாய் திறப்பாள் என்று சொல்லி, தங்கை பேசும் வரிகள் அத்தனையையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். லைட்டிங் முடிய இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் தாள் உதவி இயக்குநர் கைக்குப் போய்விட்டது. அவர் ஓரமாக நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுக்க, நடிகர்கள் வாங்கிப் பேசினார்கள். அந்தத் தங்கை பேசியதைக் கேட்டு, காபி கொண்டுவந்த பையன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான். அதை எழுதியவரை மூளையில்லாதவர் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முன்கூட்டியே எழுதுவார்களா என்று கேட்டீர்கள். தொடங்கும்போது கதை இருக்கும். சானலிடம் சொல்லி ஓகே வாங்கிய கதை, முதல் சில மாதங்களுக்கான ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், எல்லாம் தயாராக இருக்கும். சில தொடர்களுக்குக் கதையே வேறு மொழியிலிருந்து வருகிறது. ‘பாக்கியலட்சுமி’ தொடருக்கு மூலக்கதை ‘ஸ்ரீமோயி’ என்ற வங்காளத் தொடர். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பல தொடர்களில் வேலையைப் பிரித்திருப்பார்கள். திரைக்கதை எழுதுகிறவர் சீன் ஆர்டர் போட்டுத் தருவார்: இன்ன இடம், இன்னின்னார், இது நடக்கிறது, இங்கே முடிகிறது. அந்த நாலு வரியை மூன்று நிமிடப் பேச்சாக்குவது வசனகர்த்தாவின் வேலை. மாமியார் திருந்துவதும் மறுபடி கெடுவதும் அவர் முடிவு செய்வது இல்லை.

அதை முடிவு செய்வது பெரும்பாலும் வியாழக்கிழமை. பார்க் இந்தியா என்ற அமைப்பு வாராவாரம் வியாழனன்று டி.ஆர்.பி. வெளியிடுகிறது. 20 கோடிக்கு மேல் டி.வி. வீடுகள் இருக்கும் நாட்டில், ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் பொருத்திய மீட்டர்கள் சொல்லும் கணக்கு அது. மாமியார் திருந்திய வாரம் எண் இறங்கினால் டிராக்கை, அதாவது கதைப்போக்கை, மாற்று என்று சானலில் சொல்லிவிடுவார்கள். அவர் திருந்தி, மருமகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட அந்த வாரம் நீங்கள் கடைசிவரை பார்த்தீர்களா, பாதியில் சானல் மாற்றினீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உங்கள் வீட்டில் மீட்டர் இல்லாமல் இருக்கலாம். மீட்டர் இருக்கும் வீட்டிலும் உங்களைப் போன்ற ஒருவர்தான் ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

மாற்று என்று சொன்ன பிறகு எழுத எத்தனை நாள் கிடைக்கும்? எடுத்துக் கைவசம் வைத்திருக்கும் எபிசோடுகளை பேங்கிங் என்பார்கள். நாலு வாரம் பேங்கிங் இருந்தால் எழுதுகிறவர் யோசிக்கலாம், எழுதியதைத் திரும்பப் படிக்கலாம். பல தொடர்கள் இரண்டு மூன்று நாள் கையிருப்பில் ஓடுகின்றன. தூர்தர்ஷன் காலத்துப் பதின்மூன்று வாரத் தொடர்கள் போல முடிவு தெரிந்து தொடங்கும் வசதி இவர்களுக்கு இல்லை. திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோடு ஓடியது. எபிசோடுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 500 மணி நேரத்துக்கு மேல். இரண்டரை மணி நேரப் படங்களாகக் கணக்குப் போட்டால் இருநூறு படம். இருநூறு படத்துக்கு எழுதியதில் இருபது இடம் சறுக்கினால் அந்த இருபதை மட்டும் வைத்தா ஆளை அளப்பது?

அதே திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று காலை டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் உடல்நலம் கெட்டு இறந்துபோனார். ஊரே பேசிக்கொண்டிருந்த பாத்திரம். முழுக்கதையும் அந்த ஆளின் அதட்டலைச் சுற்றியே நடந்தது. துக்கம் கேட்கப் போன அதே கைகள் அடுத்த வார எபிசோடையும் எழுத வேண்டும். வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வரும்வரை, திரையில் இல்லாத ஒருவரைச் சுற்றியே வீட்டிலுள்ள அத்தனை பேரையும் பேச வைத்துக் கதையை நகர்த்தினார்கள். எழுத்து வேலை எவ்வளவு கடினம் என்று யாராவது கேட்டால் நான் அந்த வாரங்களைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் ஒரு தொடருக்கு ஏழெட்டு எழுத்தாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு சீசன் முழுவதையும் பேசிப் பிரித்து எழுதும் பழக்கம் உண்டு. அந்த அறையில் ஆட்களைக் குறைத்தது, 2023-ல் அவர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஒரு காரணம். ஒரு தொடருக்குக் குறைந்தது இத்தனை எழுத்தாளர் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். நம் சானல்கள் அந்த அளவுக்குப் போகவேண்டாம். வசனத்துக்கு இன்னும் ஒரு ஆள், பேங்கிங்கில் இன்னும் பத்து நாள், இவ்வளவு கொடுத்தாலே உங்கள் அண்ணன் நிச்சயதார்த்தத்துக்கு நேரில் வருவார்.

மகள் விஷயம். “இதற்கா” என்ற சொல்லை அவள் காதில் விழும்படி இனிமேல் சொல்லாதீர்கள். எம்.ஏ.யில் அவள் படித்த தமிழைத் தினமும் அடுக்களைகளில் கேட்கும்படி பேச வைக்கப் போகிறாள். அதற்கு அந்தப் படிப்பு முழுவதும் வேண்டும். சம்பளம் ஒழுங்காக வருமா, டைட்டிலில் பெயர் போடுவார்களா என்று மட்டும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்று இரவு சீரியல் போடும்போது டைட்டில் ஓடும் நேரத்தில் நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போய்விடாமல், ‘வசனம்’ என்று வரும் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இருவரும் பாருங்கள். பிறகு அந்த நிச்சயதார்த்தக் காட்சியை அவளை எழுதச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, அண்ணன் வரக்கூடாது, போனும் கிடையாது. இருபது நிமிடம் கொடுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.