மகனுக்கு 46 மார்க்: ஆட்டம் முடிந்த பிறகு எதைப் பார்ப்பது?

கேள்வி: டெக்சாஸில் பிளேனோவில் இருக்கிறோம். மகன் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கார்னர்பேக், அதாவது ஓரத்தில் ஓடும் எதிரணி ஆளைக் காக்கிற தடுப்பாளன். இரண்டாம் ஆண்டு, முழு ஸ்காலர்ஷிப். போன சனிக்கிழமை அவனைத் தாண்டி எதிரணிக்கு ஒரு டச்டவுன், ஆறு புள்ளி, போய்விட்டது. டிவி வர்ணனையாளர் அவன் பெயரைச் சொல்லியே குறை சொன்னார். மறுநாள் ஒரு இணையதளத்தில் 100-க்கு 46 போட்டிருந்தார்கள். ஆனால் பந்தோடு ஓடியவர்களை மடக்கி ஏழு டேக்கிள் செய்திருக்கிறான். திங்கட்கிழமை ஒருவர் போன் செய்து, "இந்த கோச்சிடம் இருந்தால் பையன் வீணாகிவிடுவான். 2,000 டாலர் கொடுங்கள், கல்லூரி மாறுகிறவர்கள் பட்டியலான ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டு நல்ல இடம் பிடித்துத் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 2,000 டாலரைக் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அந்த 46 எப்படி வந்தது? பி.எஃப்.எஃப் மாதிரியான தளங்களில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறைக்கும்) மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை, அரை அரையாக மார்க் போடுவார்கள். செய்ய வேண்டியதைச் செய்தால் பூஜ்யம். எல்லாவற்றையும் சேர்த்து 100-க்கு மாற்றுவார்கள். ஒழுங்கான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மார்க் போடுகிறவர் கைக்கு கோச் அன்று கொடுத்த கட்டளை வருவதில்லை. யார் எந்த இடத்துக்குப் பொறுப்பு என்பதைப் படத்தைப் பார்த்து ஊகிக்கிறார். கார்னர்பேக் விஷயத்தில் அந்த ஊகம் தப்பினால் கதையே மாறிவிடும்.

உங்கள் மகன் அணி அப்போது 'கவர் டூ' என்ற தடுப்பு முறையை ஆடியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். பின்பகுதியை, கடைசி வரிசையில் நிற்கும் இரண்டு சேஃப்டிகள் ஆளுக்குப் பாதியாகக் காப்பார்கள். கார்னர்பேக்குக்கு முன்பகுதி. பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஆழமாக ஓடினால் அவனைச் சேஃப்டியிடம் விட்டுவிட வேண்டும், பாடமே அதுதான். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக், அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதுபோல் பாவனை காட்டுகிறான். சேஃப்டி நம்பி நாலு அடி முன்னால் வந்துவிடுகிறான். பின்னால் ஆளே இல்லை. உங்கள் மகன் தன் இடத்தை விட்டு, தனக்குச் சம்பந்தமில்லாத ஆளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். டிவி கேமரா பந்தோடு போகிற ஜாதி. பந்து வந்து விழும்போது திரையில் இருப்பது ரிசீவரும் உங்கள் பையனும் மட்டும். வர்ணனையாளர் யார் பெயரைச் சொல்வார்?

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சொன்னால் பல அப்பாக்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். ஆடுகளம் 160 அடி அகலம். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில், பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லையான இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே 18 அடி 6 அங்குலம்தான், கல்லூரி ஆட்டத்தில் 40 அடி. அதனால் பந்தை ஒரு ஹாஷில் வைத்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த அகலமான பக்கத்தில் சேஃப்டி ஓரக்கோடு வரை ஓடிவர நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சம்பாதித்துக் கொடுப்பது கார்னர்பேக்கின் கைதான். ஸ்னாப் ஆனதும் ரிசீவரைத் தட்டி, உள்பக்கம் தள்ள வேண்டும். தொடாமல் வெளிப்பக்கமாக ஓட விட்டுவிட்டால், சேஃப்டி என்ன வேகத்தில் வந்தாலும் சேர முடியாது. அப்போது டச்டவுன் விழுந்தது பின்னால் என்றாலும் தப்பு நடந்தது முன்னால், உங்கள் மகனிடம். டிவிப் பதிவிலேயே முதல் ஒரு நொடி பெரும்பாலும் தெரியும். அங்கே நிறுத்தி, ரிசீவரின் தோள் ஓரக்கோட்டுப் பக்கம் போகிறதா, உள்ளே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏழு டேக்கிளுக்கும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். நடுவில் நின்று தடுக்கும் லைன்பேக்கருக்கு ஏழு என்றால் நல்ல வேலை. கார்னர்பேக்குக்கு ஏழு என்றால், அவன் முன்னால் நிறைய பந்துகளைப் பிடிக்கவிட்டுப் பிறகு மடக்கியிருக்கிறான் என்றும் இருக்கலாம். அப்புறம், டேக்கிளை எண்ணுவது சொந்த மைதானத்து ஆட்கள். இருவர் சேர்ந்து மடக்கியதற்கான அரை டேக்கிளைத் தாராளமாக அள்ளிவிடுவார்கள்.

உண்மையான மார்க் வேறு இடத்தில் இருக்கிறது. 22 பேரும் தெரிகிற மாதிரி மேலிருந்தும் கோல் பக்கத்திலிருந்தும் எடுத்த படத்தை வைத்து, ஞாயிற்றுக்கிழமை அந்தந்தப் பிரிவின் கோச் உட்கார்ந்து ஸ்னாப் ஸ்னாப்பாக பிளஸ், மைனஸ் போடுவார். பல அணிகளில் 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் நல்ல ஆட்டம். பெற்றோர் கேட்டால் கோச் காட்ட மாட்டார், அதில் தப்பில்லை. மகனிடம் கேளுங்கள். "ஏன் விட்டாய்?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அந்த ஆட்டத்தில் என்ன கட்டளை, கோச் யாருக்கு மைனஸ் போட்டார்?" என்று கேளுங்கள்.

சரி, போன் செய்தவர். கல்லூரியில் பல வருஷம் ஆட்டப் படம் வெட்டி மார்க் ஷீட் தயாரித்த எனக்கு இந்தக் கூட்டத்தை நன்றாகத் தெரியும். மோசமான ஆட்டம் முடிந்த ஓரிரு நாளில்தான் போன் வரும். போர்ட்டலில் பெயர் போடுவது விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் ஆபீஸ். மாணவன் எழுதிக் கேட்டால் இரண்டு வேலை நாளில் போட்டாக வேண்டும், காசு கிடையாது. அதற்கும் இப்போது ஜனவரியில் பதினைந்து நாள்தான் சாளரம். சீசன் நடுவில் இவர் எதில் போடப் போகிறார்? பெயர் ஏறிவிட்டால் அந்த செமஸ்டர் முடிந்ததும் கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளலாம். வேறு இடம் கிடைக்காமல், இருந்ததும் போய், வீட்டுக்குத் திரும்பிய ஒரு பையனின் பெட்டியை நானே காரில் ஏற்றியிருக்கிறேன்.

எரிச்சல் என்னவென்றால், என்.எஃப்.எல்.லில் ஏஜென்ட் ஆக வேண்டுமானால் ஆட்டக்காரர் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும், கமிஷன் அதிகபட்சம் 3 சதவீதம். கல்லூரி ஆட்டத்தில் நாடு முழுவதற்குமான அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. 2025-ல் நீதிமன்றத் தீர்வு வந்து, ஒரு கல்லூரி வருஷத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் விளையாட்டு மாணவர்களுக்குப் பகிரலாம் என்று ஆனது. பணத்துக்குக் கதவைத் திறந்தவர்களுக்கு வாசலில் ஒரு காவல்காரரை நிறுத்தத் தோன்றவில்லை. ஆனால் டெக்சாஸில் விளையாட்டு ஏஜென்ட் மாநிலச் செயலரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் மறுபடி கூப்பிட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். கூடவே, அந்த டச்டவுன் விழுந்தபோது உங்கள் மகன் 60 அடிப் பக்கம் நின்றானா, 100 அடிப் பக்கம் நின்றானா என்றும் கேளுங்கள்.