ஜாக்கி ஸ்மித் பந்தை விட்டதால்தான் 1979 சூப்பர் பௌலில் (அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டம்) டல்லாஸ் தோற்றதா?

இல்லை.

நீங்கள் யூட்யூபில் அந்தப் பத்து விநாடித் துணுக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, முக்கால்வாசிப் பேர் பார்த்தது அவ்வளவுதான். ("கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதெல்லாம் ஃபுட்பாலா?" என்று கேட்க வருபவர்கள் இப்படியே திரும்பிவிடலாம். அந்தச் சண்டையை நிறையப் போட்டாயிற்று.)

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் டல்லாஸ் கௌபாய்ஸும் சூப்பர் பௌலில் மூன்று முறை மோதியிருக்கின்றன. வேறு எந்த ஜோடியும் மூன்று முறை மோதியதில்லை. 1976ல் மயாமியில் பிட்ஸ்பர்க் 21-17. 1979ல் அதே மயாமியில், அதே பிட்ஸ்பர்க் 35-31. 1996ல் அரிசோனாவில் டல்லாஸ் 27-17. கூட்டிப் பாருங்கள்: டல்லாஸ் 75, பிட்ஸ்பர்க் 73. அதிகம் எடுத்தவன் இரண்டு தடவை தோற்றிருக்கிறான்.

1979க்கு வருவோம். மூன்றாவது கால்பகுதி, பிட்ஸ்பர்க் 21-14 முன்னிலை. டல்லாஸுக்காகப் பந்தை எறிபவர் ரோஜர் ஸ்டாபாக், எறிகிறார். கோல் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் அணிக்காரர் ஸ்மித் தனியாக நிற்கிறார், சுற்றி ஆளே இல்லை. பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுகிறது. பிடித்திருந்தால் டச்டவுன்; 7 புள்ளி வர வேண்டிய இடத்தில், பந்தை உதைத்து எடுத்த 3தான் வந்தது. கடைசியில் தோற்றது 4 புள்ளியில். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தினால் யார் விடுவார்கள்? பழி முழுக்க அவர் தலையில்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. டல்லாஸின் பென்னி பார்ன்ஸ் மேல் நடுவர் கொடுத்த தண்டனை இன்றுவரை சர்ச்சை. அதைப் பிடித்துக்கொண்டு பிட்ஸ்பர்க் ஒரு டச்டவுன் போட்டது. அடுத்து பிட்ஸ்பர்க் பந்தை உதைத்துக் கொடுத்தபோது, கட்டைவிரல் உடைந்து கட்டுப் போட்டிருந்த டல்லாஸின் ராண்டி வைட் பந்தை எடுத்து நழுவவிட்டார். உடனே இன்னொரு டச்டவுன், 35-17. எதிர்ப்பக்கம் பிட்ஸ்பர்க்குக்காக எறிந்த டெர்ரி பிராட்ஷா மொத்தம் 318 கெஜம் எறிந்தாரே, அதற்கும் ஸ்மித்தா பொறுப்பு?

ஸ்மித் அதற்கு முன் செயின்ட் லூயிஸ் அணிக்கு 15 வருடம் ஆடியவர், 480 பந்து பிடித்தவர். 1994ல் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது ஆட்டத்தின் மாபெரும் வீரர்கள் பட்டியலில், சேர்த்தார்கள். விட்டது ஒன்று.

1996 ஆட்டத்தின்போது நான் டல்லாஸ் பக்கம் இர்விங்கில் வேலையில் இருந்தேன். உடன் வேலை பார்த்தவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். டல்லாஸின் லாரி பிரவுன் எதிரணி எறிந்த பந்தை இரண்டு தடவை மறித்துப் பிடித்தார், டல்லாஸுக்கு ஐந்தாவது கோப்பை, வீடே குதிக்கிறது. நண்பரின் அப்பா மட்டும் சோபாவை விட்டு எழவில்லை. "ஸ்மித் அன்னைக்குப் பிடிச்சிருந்தா இது ஆறாவது" என்றார். 17 வருடம் ஆகியிருந்தது! எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் நானும் ஒன்று விட்டிருக்கிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான கிரிக்கெட், அரையிறுதி, லாங் ஆன். வெயில் கண்ணில் அடித்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், லட்டு மாதிரி வந்த கேட்ச். விட்டேன், அது நான்கானது. 3 ரன்னில் தோற்றோம். எங்கள் பந்துவீச்சாளர் ஒரே ஓவரில் ஐந்து வைடு போட்டதும், கேப்டன் தேவையில்லாமல் ஓடி ரன் அவுட் ஆனதும் யாருக்கும் ஞாபகம் இல்லை. என் பெயர் "சல்லடை" ஆகிவிட்டது. இன்றும் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தே "ஹேப்பி பர்த்டே சல்லடை" என்றுதான் வருகிறது.

இதே குழுவில்தான் வெள்ளி விழாவுக்கென்று தலைக்கு 2000 ரூபாய் வாங்கினார்கள். விழாவும் நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. கேட்டால் கட்டைவிரல் பொம்மை போடுகிறார் அந்தக் கேப்டன். என் கேட்சுக்கு மட்டும் ஓவர், பந்து முதற்கொண்டு கணக்கு வைத்திருக்கிறார்.