நீளம்–மின்தடை வரைபடம்: கோடு ஏன் 0.4 ஓமில் தொடங்குகிறது?

ஒரு கம்பியின் வெவ்வேறு நீளங்களுக்கு மின்தடையை அளந்து வரைபடம் போட்டீர்கள்; கோடு ஆதிப்புள்ளி (0, 0) வழியாகப் போகாமல் 0.4 ஓமில் தொடங்குகிறதா? அது கம்பியின் குற்றம் இல்லை. பெரும்பாலும் அது இணைப்பு ஒயர்களும் முதலைக் கிளிப்புகளும் சேர்க்கும் தடை. கம்பியின் நீளம் மாறினாலும் இது மாறாது. அதனால்தான் கோடு நேராகவே இருந்து மொத்தமாக மேலே ஏறியிருக்கிறது.

இரண்டு கிளிப்புகளையும் ஒன்றோடொன்று கவ்வ விட்டு அளந்து பாருங்கள். 0.4 பக்கம் வந்தால் சரி, எல்லா அளவிலிருந்தும் அதைக் கழித்துவிடுங்கள். (மறந்தாலும் கோட்டின் சாய்வு மாறாது; அதிலிருந்து கணக்கிடும் மின்தடை எண், அதாவது கம்பி செய்யப்பட்ட பொருளுக்கே உரிய தடை அளவு, தப்பித்துவிடும்.) மிகக் குறைவாக வந்தால் அளவுகோலைச் சந்தேகியுங்கள்: நீளத்தைக் கிளிப்புகளின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

குட்டை நீளங்களில் மட்டும் புள்ளிகள் கோட்டுக்கு மேலே போனால் கதை வேறு. அங்கே மின்னோட்டம் அதிகம், கம்பி சூடாகிறது. அளக்கும் நேரம் மட்டும் சுவிட்சைப் போடுங்கள்.