ஆண்குறி பெரிதாக்கும் ஆபரேஷன், ஊசி: யூராலஜி டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: டாக்டர், நீளம் கூட்ட ஆபரேஷன் செய்து மூன்று வருடமாகிறது. இப்போது முன்பைவிடக் குட்டையாகத் தெரிகிறதே?

பதில்: உறுப்பை இடுப்பெலும்போடு பிடித்திருக்கும் நாரை வெட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பகுதி கொஞ்சம் வெளியே இறங்கும். தளர்ந்திருக்கும்போது நீளமாகத் தெரியும், விறைத்தால் அதே பழைய அளவுதான். வெட்டிய இடத்தில் தழும்பு வளர்ந்து சுருங்கினால் உறுப்பை எலும்போடு இழுத்துக் கட்டிவிடும். உங்களுக்கு அது நடந்திருக்கலாம். சிலருக்கு விறைப்பில் நிமிராமல் ஆடும். அடிவயிற்றுத் தோலை முன்னுக்கு இழுத்துத் தைத்திருந்தால் தண்டிலேயே முடி முளைக்கும். மறு ஆபரேஷன் செய்து பழகியவரிடம் போங்கள். பழைய ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தடிமனுக்கு சொந்தக் கொழுப்பையே ஏற்றினால் ஆபத்தில்லைதானே?

பதில்: ஒரு பக்கம் கரையும், இன்னொரு பக்கம் கட்டியாக நிற்கும். ஸ்வீடனில் 30 வயது ஆரோக்கியமான ஒருவர் இந்தச் சிகிச்சையின்போதே இறந்தார். கொழுப்பு நுரையீரல் ரத்தக்குழாய்களை அடைத்துவிட்டது.

கேள்வி: தோலுக்கடியில் வைக்கும் சிலிக்கான் உறை?

பதில்: நீர் கோர்க்கலாம், சீழ் பிடிக்கலாம், விளிம்பு தோலை அரித்து வெளியே வரலாம். எடுத்த பிறகும் உள்தழும்பு உறுப்பைச் சுருக்கலாம்.

கேள்வி: என் ரூம்மேட் எண்ணெய் ஊசி போட்டு ஐந்து வருடம். நன்றாகத்தான் இருக்கிறான்.

பதில்: ஐந்து வருடம் ஒரு கணக்கே இல்லை தம்பி. 1899இல் வியன்னாவில் கெர்சுனி என்ற டாக்டர், விரை அகற்றப்பட்ட ஒருவருக்கு அந்த இடத்தில் வாசலினை ஊசியால் ஏற்றினார். அதன்பின் உலகமே முகம், மார்பு என்று ஏற்றியது. வருடங்கள் கழித்துக் கட்டி, புண், சீழ். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டிக்கொண்டே போகும். கடைசியில் தோலோடு சேர்த்து வெட்டி எடுத்து, தொடைத் தோலை ஒட்ட வேண்டிவரும்.

கேள்வி: (அதே நண்பர்) அது வாசலின். இவன் போட்டது திரவ சிலிக்கான்.

பதில்: அதுவும் அதே கதைதான், இடம் மாறி விரைப்பைவரை இறங்கவும் செய்யும். ரூம்மேட்டை ஒரு யூராலஜிஸ்டிடம் கூட்டிப் போங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே எடுப்பது சுலபம்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் இயற்கைதானே, ஏற்றலாமா?

பதில்: தலைக்குத் தேயுங்கள். எந்த எண்ணெயையும் ஊசியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: என் அளவு போதுமா?

பதில்: இன்று இதே கேள்வி எத்தனையோ தடவை வந்துவிட்டது. 15,521 ஆண்களை அளந்த ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் வந்த சராசரி, விறைப்பில் 13.12 செ.மீ. மேல்பக்கம், ஸ்கேலை இடுப்பெலும்பில் அழுத்தி அளக்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரை இருக்கிறது, விறைப்பே வருவதில்லை. எந்த ஆபரேஷன் நல்லது?

பதில்: நீங்கள் வர வேண்டிய இடம் இதுவல்ல. முதலில் உங்கள் சர்க்கரை டாக்டரைப் பாருங்கள், இதயத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.